வாத்தியார் பதில்கள்: ராத்திரி பத்து மணிக்கு ஏன் சுவர் சுடுகிறது?

இந்த இதழிலும் சேலத்து வெயில்தான். வந்த கடிதங்களில் முக்கால்வாசி தூக்கம் வராதவர்கள் எழுதியவை. கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வழக்கம்போல் பெயர் போடவில்லை, ஊர் மட்டும். இரண்டு வருடத்துக்கு முன் மாமியார் பற்றிய ஒரு கேள்விக்குப் பெயரோடு பதில் எழுதிவிட்டு, அம்மாப்பேட்டையிலிருந்து கிச்சிப்பாளையம் வரைக்கும் போய் நான் மன்னிப்புக் கேட்ட கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

ஆறரை மணிக்குச் சூரியன் இறங்கிவிடுகிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. ஃபேனைப் போட்டால் அடுப்பை ஊதுகிற மாதிரிக் காற்று. வெளியே வாசற்படியில் உட்கார்ந்தால் பரவாயில்லை. வீட்டுக்குள் மட்டும் ஏன் இப்படி? ஏ.சி. வாங்க வசதியில்லை.
– வாசகி, குகை

சூரியன் இறங்கிவிட்டது அம்மா, அது கொடுத்துவிட்டுப் போன சூடு உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. மொட்டைமாடிக் கான்கிரீட் நாலரை, அஞ்சு அங்குலக் கனம் இருக்குமா? காலை எட்டு, ஒன்பது மணியிலிருந்து அது வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. மேலே மத்தியானம் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தச் சூடு கான்கிரீட்டுக்குள் நடந்து அடிப்பக்கம் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். தெருவில் வெயில் உச்சத்துக்குப் போவது மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு. உங்கள் அறையின் கூரைக்கு உச்சம் வருவது விளக்கு வைத்த பிறகு. நீங்கள் பாயை விரிக்கிற நேரமும் கூரை தன் சூட்டை இறக்குகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது.

ஃபேன் எதையும் குளிர வைப்பதில்லை. கூரையடியில் தேங்கி நிற்கிற சூடான காற்றைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். நம் மேல் வியர்வை இருந்தால் அதை உலர்த்துவதால் சில்லென்று இருக்கும். உலர்த்த வியர்வை இல்லாவிட்டால், நீங்கள் சொன்ன அடுப்புக் காற்றுதான்.

மேற்குச் சுவர் இன்னும் மோசம். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நேர் வெயில் வாங்குவது அதுதான். என் வீட்டில் மரக்கட்டில் மேற்குச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. கிழக்குப் பக்கம் தள்ளலாம் என்று என் மனைவி மூன்று கோடை சொல்லிப் பார்த்தார். முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் கேட்கவில்லை. நான்காவது கோடையில் அவரே தள்ளிவிட்டார்.

ஏ.சி. இல்லாமல் செய்யக்கூடியது இதுதான். காலை எட்டு மணிக்கு ஜன்னல்களை மூடி, வெயில் விழுகிற பக்கம் வெளியே ஓலைத் தட்டியோ கோணிச் சாக்கோ தொங்க விடுங்கள். திரையை உள்ளே மட்டும் போட்டால், கண்ணாடி வழியாக வந்த வெயில் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். ராத்திரி வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறக்க வேண்டும், கொசுவலை அடித்துக்கொண்டுதான். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள். பசை கொஞ்சம் கலந்தால் ஒட்டிக்கொள்ளும், மழைக்காலம் வரை தாங்கும். இந்த ஊரில் கிடைக்கிற வைத்தியத்திலேயே மலிவானது அதுதான். வெள்ளைத் தரை வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கான்கிரீட் குடிப்பதற்கு மிச்சம் குறைவு. சூரியன் இறங்கிய பிறகு ஒன்றிரண்டு வாளித் தண்ணீர் தெளிப்பதும் நல்லதுதான். ஆனால் குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற தெருவுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நாள் முழுக்க ஜன்னல் திறந்திருக்கட்டும், காற்றோட்டம் நல்லது" என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். திறந்து வைத்தோம். மத்தியானம் வீடே கொதித்தது.
– வாசகர், கன்னங்குறிச்சி

தப்பு என்னுடையது. அது மழைக்காலத்துப் புழுக்கத்துக்கு எழுதிய பதில். அதைக் கோடைக்கு அப்படியே தூக்கிப் போட்டுவிட்டேன். மேலே குகை வாசகிக்குச் சொன்னதைச் செய்யுங்கள். உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. மூக்கனேரி பக்கம்தானே? ஏரித் தண்ணீர் மண்ணைப்போல் சட்டென்று சூடேறாது. கரை மேல் மத்தியானம் போய் நின்று பாருங்கள்.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தால்தான் சூரியன் நம் தலைக்கு நேரே வருகிறதா?
– பள்ளி மாணவி, சூரமங்கலம்

இல்லையம்மா. அதற்கு முன்பே வந்து தாண்டிவிடுகிறது. சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11.65 டிகிரியில் இருக்கிறது. சூரியன் நமக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 20, 21 வாக்கில். அன்று பன்னிரண்டு மணிக்கு இல்லை, பன்னிரண்டே கால் மணி சுமாருக்கு உங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் அடியில் போய் நில். நிழல் இருக்காது. நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரிக் கிழக்குத் தீர்க்கரேகைக் கணக்கில். நாம் அதற்கு மேற்கே இருப்பதால் இந்தக் கால் மணி நேரத் தாமதம். ஆகஸ்ட் 22 வாக்கில் திரும்பி வரும்போது இன்னொரு முறை நிழல் காணாமல் போகும். அன்று மேகம் விட்டால் பார்க்கலாம்.

கத்திரி என்று பஞ்சாங்கம் சொல்வது மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை. சூரியன் பரணியின் கடைசிப் பகுதி, கார்த்திகை, ரோகிணியின் தொடக்கம் ஆகியவற்றைக் கடக்கும் நாட்கள். அதற்குள் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அப்புறம் ஏன் அப்போது வெயில் என்றால், நிலமும் குகை வாசகியின் மொட்டைமாடி மாதிரிதான். வாங்கியதைச் சேர்த்து வைத்து மெதுவாகத்தான் காட்டும்.

கோடையில் பகல் நீளம் என்று பாடத்தில் வருகிறதே, அதை ரொம்ப நம்பாதே. சேலத்தில் ஜூன் மாதத்து மிக நீண்ட பகலே சுமார் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். டிசம்பரில் மிகக் குறுகிய பகல் சுமார் பதினொன்றரை. நடுவில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான் வித்தியாசம். ராத்திரி நமக்கு எப்போதும் ஏறக்குறைய முழு ராத்திரிதான். குளிர்ச்சிதான் குறைகிறது.

"104 டிகிரி, 105 டிகிரி" என்று பேப்பரில் தினமும் போடுகிறார்கள். நம் ஊருக்கும் பக்கத்து மாவட்டங்களுக்கும் போட்டி மாதிரி இருக்கிறது. வெயிலில் நின்றால் அதைவிட அதிகமாகத் தெரிகிறதே, குறைத்துப் போடுகிறார்களா?
– வாசகர், சீலநாயக்கன்பட்டி

குறைக்கவில்லை. அது நிழலின் கணக்கு. வெள்ளையடித்த, காற்றுப் புகுகிற மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு மேல் வைத்த வெப்பமானி சொல்வது. 104 என்றால் 40 செல்சியஸ். ஐந்து ரோடு சிக்னலில் தார் மேல் ஹெல்மெட்டோடு நிற்கிறவருக்கு அது பொருந்தாது.

என் கோபம் வேறு. அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் "குறைந்தபட்சம்" என்று இன்னொன்று இருக்கும். யாரும் படிப்பதில்லை. விடியலை ஒட்டி எவ்வளவு இறங்கியது என்பது அது. என்னைக் கேட்டால் கோடையை அளக்க வேண்டியது அதை வைத்துத்தான். உடம்பு பகலில் வாங்கிய அடியை ராத்திரி இறங்குகிற சூட்டில்தான் ஆற்றிக்கொள்கிறது. ராத்திரி இறங்காவிட்டால் மறுநாள் காலை ஏற்கெனவே களைத்துப்போன உடம்போடுதான் வெயிலுக்குள் போகிறோம். வயசானவர்களும் இதயநோய்க்காரர்களும் சாய்வது பெரும்பாலும் அப்படி இரண்டு மூன்று ராத்திரி சேர்ந்த பிறகு. நகரத்துக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் பகலில் பெரிய வித்தியாசம் இருக்காது. விளக்கு வைத்த பிறகு பாருங்கள், வயல்காடு குளிர்ந்துகொண்டே போகும். நம் கட்டடங்களும் தாரும் பகலை அசைபோட்டுக்கொண்டு கிடக்கும்.

எங்கள் தாத்தா, அந்தக் காலத்தில் கோடையில் ஊரே தெருவில் தூங்கும், தறியே ராத்திரியில்தான் ஓடும் என்கிறார். கதை விடுகிறாரா?
– கல்லூரி மாணவன், அம்மாப்பேட்டை

கதை இல்லை தம்பி. நான் உன் பேட்டைக்காரன்தான். என் அப்பா குழித்தறி போட்டவர். காலால் மிதிக்கிற பலகைகள் குழிக்குள் இருக்கும், இடுப்புக்கு மேல்தான் வெளியே தெரிவார். குழியிலிருந்து வருகிற மண்ணின் ஈரம் நூலுக்கு வேண்டும். கோடைக் காற்று காய்ந்து போனால் பருத்தி இழை அறுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு இழையையும் தேடி முடிபோட வேண்டும். அப்பா திட்டமாட்டார், "ம்ச்" என்பார். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அந்த "ம்ச்" அடிக்கடி கேட்கும். அம்மா தறியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். அப்புறம் அப்பாவே எழுந்து விடுவார்.

அதனால் கோடையில் தறியின் நாள் வேறு மாதிரி. விடியற்காலை நாலு மணிக்கு உட்காருவார், பத்து, பதினொன்று வரை. அப்புறம் சாயங்காலம் ஐந்துக்கு மேல் ராத்திரி சாப்பாடு வரை. நடுவில் கிடைக்கிற பகல் தூங்குவதற்கு. பாவடி என்றால் பாவு, அதாவது தறிக்கான நீள இழைகள், நீட்டுகிற திடல். அங்கேயும் வேலை விடியலில்தான். இருட்டு பிரியும்போதே பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். வெயில் ஏறி அடிப்பதற்குள் சுருட்டிவிட வேண்டும். காந்துகிற வெயில் பட்டால் கஞ்சி முறுகி இழை ஒடியும். பாவடி என்கிற பேர் இன்றைக்கும் நம் ஊரில் இருக்கிறது. பாவு நீட்டுவதைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

தெருவில் தூங்கியதும் நிஜம். ஏழரை மணிக்கே வாசலில் தண்ணீர் தெளித்து, கயிற்றுக் கட்டில் வைத்திருக்கிறவர்கள் கட்டிலைப் போட்டு இடம் பிடிப்பார்கள். மற்றவர்களுக்குக் கோரைப்பாய். இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்கள் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, தூங்குகிறவர்கள் நடுவே தள்ளிக்கொண்டு வருவார்கள். சினிமாக் கதை முழுவதும் அந்த நடையில் எங்களுக்கு இலவசம்.

ஆனால் தாத்தாவிடம் ஒன்று கேள் தம்பி: பாட்டி எங்கே தூங்கினார்? தெருவில் தூங்கியது ஆண்களும் சின்னப் பிள்ளைகளும்தான். என் அம்மாவும் அத்தைகளும் உள்ளே, அடுப்பு அணையாத அறைக்குப் பக்கத்தில், கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். அந்தக் காலத்து ராத்திரி குளிர்ந்தது என்று நாங்கள் சொல்கிறபோது என் அக்கா மட்டும் பேசாமல் எழுந்து போய்விடுவார்.

விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வீடு வருகிறேன். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. பத்து மணிக்கு மேல் படுக்க முடியவில்லை. என்ன செய்வது?
– தறித் தொழிலாளி, கொண்டலாம்பட்டி

ஐயா, இந்த இதழில் எனக்குப் பதில் சொல்லச் சங்கடமான கேள்வி உங்களுடையது. ஊரெல்லாம் ராத்திரி தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறது, உங்களுக்குப் பகல்தான் ராத்திரி. கான்கிரீட்டுக்கு நேர் எதிர் இந்த ஷீட். மெலிசாக இருப்பதால் வெயில் பட்ட அரைமணியில் உள்ளே இறக்கிவிடும். சாயங்காலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், அந்தக் குளிர்ச்சியை அனுபவிக்க நீங்கள் வீட்டில் இருப்பதில்லை.

வந்ததும் குளித்து, லேசாகச் சாப்பிட்டு, ஏழரைக்குள் படுத்துவிடுங்கள். செல்போன், டீக்கடைப் பேச்சு எல்லாம் மத்தியானத்துக்கு மேல். காலை ஏழரையிலிருந்து பத்து வரைதான் உங்களுக்குக் கிடைக்கிற நல்ல தூக்கம். ஷீட் மேல் வெள்ளை அடியுங்கள், அதற்கு அடியில் ஒரு முழம் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ பாயோ கட்டுங்கள். கீற்றை மேலே பரப்புகிறவர்கள் உண்டு, குளிரும், ஆனால் ஒரு பொறி பட்டால் தெருவே போய்விடும். மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் வெட்கப்படாமல் மே மாதம் மட்டும் அங்கே போய்ப் படுங்கள். மாடி வெயில் வாங்குவதால் கீழ்த்தளம் தப்பிக்கிறது.

காற்று நம் தோலைவிடச் சூடாக இருக்கும்போது ஃபேன் மட்டும் போதாது. நனைத்துப் பிழிந்த துண்டை மார்பில் போட்டுக்கொண்டு ஃபேனைப் போடுங்கள். ஷெட்டில் தண்ணீர், உப்புப் போட்ட மோர் அடிக்கடி குடியுங்கள். கூட வேலை செய்கிறவர் யாராவது உளறினாலோ, நடை தடுமாறி உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ அது களைப்பு இல்லை. உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

வாராவாரம் ஷிப்டை மாற்றாமல் கோடை முழுக்க ஒரே ஷிப்ட் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். முதலாளி கேட்பாரா என்பது என் கையில் இல்லை.

ராத்திரி தர்பூசணி சாப்பிட்டால் சளி பிடிக்குமா?
– வாசகி, பொன்னம்மாப்பேட்டை

பிடிக்காது. நடுராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

மே மாதம் ஆனால் சேலமே மலையேறி எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறது. சொந்த ஊரில் நடக்க வழியில்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?
– வாசகர், ஏற்காடு

சொல்லிப் பார்த்தேன். என் தெருவிலேயே மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, எல்லாரும் உங்கள் ஊரில்தான். அவர்களைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், நீங்கள் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் பொதுவாக ஆறு, ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் ஏழெட்டு டிகிரி குறைகிறது என்றால் யார் வராமல் இருப்பார்கள்? 1820-களில் காக்பர்ன் என்கிற கலெக்டர் அங்கே காப்பிச் செடி வைத்த காலத்திலிருந்தே கீழே இருக்கிறவர்களுக்கு இந்த ஆசைதான்.

ஒன்று மட்டும் எனக்கும் உறுத்தும். காலையில் ஏறி, ஏரியில் படகு ஓட்டி, சாயங்காலம் இறங்கிவிடுகிறவர்கள் உங்கள் பகலைத்தான் பார்க்கிறார்கள். உயரத்தில் வெயில் இன்னும் சுள்ளென்று உறைக்கும். மர நிழல்தான் காப்பாற்றும். உங்கள் ஊரின் அருமை போர்வை தேடுகிற ராத்திரியில்தான். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து, எட்டுப் பத்து நாளில் காப்பித் தோட்டம் வெள்ளையாய்ப் பூத்த ஒரு ராத்திரியில் அங்கே தங்கியிருக்கிறேன். மல்லிகையோ என்று வெளியே வந்து தேடினேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், உங்கள் குளிர் கொஞ்சம் எங்களுக்கும் இறங்குகிறது. ராத்திரியில் மலைச்சரிவு சீக்கிரம் ஆறும். அதை ஒட்டிய காற்று கனத்துப் பள்ளங்கள் வழியே கீழே வழியும். அடிவாரத்து வீடுகளில் விடியற்காலை அது தெரியும். நகரத்துக்குள் வருவதற்குள் மாடிகளுக்கு நடுவே வழி தெரியாமல் நின்றுவிடுகிறது.

பாலைக்குச் சிறுபொழுது நண்பகல், குறிஞ்சிக்கு யாமம் என்று தொல்காப்பியத்தில் படித்தோம். சேலம் எந்தத் திணை?
– தமிழ் இலக்கிய மாணவி, அஸ்தம்பட்டி

மத்தியானம் ஒரு மணிக்குக் கேட்டால் பாலை. முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு திரிந்துதான் பாலையாகிறது என்று சிலப்பதிகாரத்தில் வருகிறதே, அஸ்தம்பட்டியிலிருந்து சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே வேகிறபோது அது உரை இல்லாமல் புரியும். சாயங்காலம் ஆறரைக்குக் கடைவீதிப் பக்கம் வாருங்கள். தள்ளுவண்டிகளில் தட்டுவடை செட் அடுக்க ஆரம்பித்திருப்பார்கள், மத்தியானம் ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்த தெருவா என்று இருக்கும். அதற்கு எந்தத் திணையில் இடம் என்று உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இயற்பியல்தான்.

மல்லிகை ஏன் பகலில் மலராமல் ராத்திரியில் மலர்கிறது?
– பூ விவசாயி வீட்டுப் பெண், பனமரத்துப்பட்டி

வெள்ளை நிறமும் வாசனையும் இருட்டில் வருகிற அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. வெயிலில் அந்த மென்மையான இதழ் விரிந்தால் அரைநாளில் வாடிவிடும். உங்கள் வீட்டில் இருட்டோடு எழுந்து மொட்டாகவே பறித்து வ.உ.சி. மார்க்கெட்டுக்கு அனுப்புவது அதனால்தானே? நீங்கள் பறிக்கிற நேரத்தில் மொட்டு, நாங்கள் தலையில் வைக்கிற நேரத்தில் பூ. கோடையில் விளைச்சல் கூடி விலை இறங்குகிற வருத்தத்தையும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் வியாபாரி இல்லை.

மேகம் மூடிய ராத்திரியில்தான் புழுக்கம் அதிகம். மேகம் வந்தால் குளிர வேண்டாமா?
– வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பகலில் மேகம் குடை, ராத்திரியில் கம்பளி. தரையிலிருந்து கிளம்புகிற சூடு வானத்துக்குத் தப்பிப் போக வேண்டும். நட்சத்திரம் தெரிகிற ராத்திரியில் போய்விடும். மேகம் இருந்தால் அதில் நிறையவே வாங்கித் திருப்பி அனுப்பும். கூடவே காற்றில் ஈரமும் சேர்ந்தால் வியர்வை உலராது. இடி இடித்துக் கோடை மழை கொட்டினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீரும். ஆனால் உங்கள் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக் களங்களில் அதே மழைக்குத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். காய்கிற மாவுக்கு இந்த வெயில்தான் முதல்.

எல்லாருக்கும் யோசனை சொல்கிறீர்களே வாத்தியாரே, நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள்?
– வாசகர், செவ்வாய்பேட்டை

மொட்டைமாடியில்தான். பங்குனியில் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஏழு மணிக்கு ஒரு வாளித் தண்ணீர் தெளித்து, ஒன்பதுக்குப் பவானி ஜமுக்காளம், அதன் மேல் பாய். தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் என் மனைவிக்கு, அதுதான் நல்ல இடம். மேற்குப் பக்கம் எனக்கு, பழைய கட்டில் விவகாரத்துக்குத் தண்டனை. பதினொன்று வரைக்கும் தரையின் சூடு முதுகில் தெரியும். பக்கத்துத் தெரு விசைத்தறி நின்றுவிட்டதா என்று காது தேடும், நின்றிருக்காது. மூன்றரை, நாலு மணிக்கு வடக்கே மலைப் பக்கமிருந்து லேசாக ஒரு காற்று வரும். வருகிற நாளில் என் போர்வை காணாமல் போகும். காலையில் அவர் அதைப் போர்த்திக்கொண்டு, "நேற்று ராத்திரி தூக்கமே இல்லை" என்பார்.